எண் இல்லாமல் தாவியவன்

கோர்பிமாக்கி என்ற பனி ஊரில் பனிச்சறுக்குத் தாவல் போட்டி என்றால் எல்லாருக்கும் முன்னால் தாவுகிறவன் ஹெய்மோ. பாதை உறைந்திருக்கிறதா, காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று பார்க்க ஓர் ஆள் வேண்டும் அல்லவா? அவன் எலும்பு முறியாமல் கீழே போய்ச் சேர்ந்தால்தான் போட்டி தொடங்கும். அவன் தாவிய தூரத்தை யாரும் எழுதமாட்டார்கள். ஒலிபெருக்கியில் பெயர் வராது. மார்பில் எண்ணுக்குப் பதிலாக வெறும் ஓர் எழுத்து. பத்தொன்பது குளிர்காலம் இப்படியே போயிற்று. பிழைப்புக்கு ஊர்ப் புகைபோக்கிகளைச் சுத்தம் செய்தான்.

"என்ன ஹெய்மோ, நேத்து எவ்வளவு தூரம்?" என்று கடைவாசலில் வம்புக்கு இழுப்பார்கள்.

"கீழ வரைக்கும்," என்பான்.

மேலே நடப்பதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லவும் தெரியாது. காலில் கட்டிய பலகைகள் சறுக்குமேடையின் விளிம்பை விட்டதும் காதிலிருந்த இரைச்சல் நின்றுவிடும். காற்று அவன் வயிற்றுக்கு அடியில் கை கொடுத்துத் தாங்கும். உறைந்த ஏரி மெல்லத் திரும்பும். அவன் சுத்தம் செய்த புகைபோக்கிகளிலிருந்து புகை நூல் நூலாக எழும். அது சாய்கிற பக்கம் பார்த்துத் தோளைச் சற்றே சாய்ப்பான். ஐந்து வினாடிகூட இராது. ஆனால் அதற்குள் அவன் ஒரு முழு மதியத்தை வாழ்ந்துவிடுவான். பசி, வயசு, கூரைக் கரி எதுவும் அங்கே ஏறி வராது. பிறகு நிலம் வந்து காலைப் பிடிக்கும். அப்போதெல்லாம் அவனுக்குக் கொஞ்சம் துக்கமாக இருக்கும்.

இவ்வளவு கிடைத்தும் மனுஷனுக்கு ஓர் ஆசை. ஒரே ஒரு தடவை, தன் பெயருக்கு எதிரே ஒரு தூரம் எழுதப்பட வேண்டும். வெட்கத்தில் மனைவி சிர்க்காவிடம்கூடச் சொன்னதில்லை. அவளுக்குத் தெரியாதா என்ன.

முப்பத்தெட்டாவது வயதில், பிப்ரவரியில், உள்ளூர் அணியில் இரண்டு பேர் காய்ச்சலில் படுத்தார்கள். பயிற்சியாளர் கௌகோ வாசலில் பூட்ஸிலிருந்த பனியைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "சனிக்கிழமை நீ நம்பர் போட்டுத் தாவுற."

ஹெய்மோ அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"சரின்னுதான் சொல்றான்," என்றாள் சிர்க்கா. "வாய் வரல, அவ்வளவுதான்."

சனிக்கிழமை விடிந்ததும் அவன் வழக்கம்போல சௌனா என்கிற நீராவி அறையில் போய் உட்கார்ந்தான். போட்டி நாள் காலையில் உடம்பு இறகாகும்வரை வியர்ப்பது அவன் பழக்கம். அன்று சந்தோஷத்தில் இரண்டு மடங்கு நேரம் உட்கார்ந்துவிட்டான். ஓட்ஸ் கஞ்சி மேசையில் ஆறிக்கொண்டிருந்தது.

"ரெண்டு வாயாவது சாப்பிட்டுப் போ, ஹெய்மோ."

"வயிறு நிறைஞ்சா மேல தங்க முடியாது."

"நீ மேலேயே தங்கிட்டா இங்க கூரையை யாரு பாக்கறது?" என்று கழுத்துத் துணியைச் சுற்றிவிட்டாள்.

அன்று அவன் பெயரை ஒலிபெருக்கி முழுசாகச் சொன்னது. கௌகோ தாவச் சொல்லிக் கொடியை இறக்கினார். ஹெய்மோ சறுக்கினான், நிமிர்ந்தான், பூமியை விட்டான். காற்று இப்படி ஒரு நாளும் தாங்கியதில்லை. ஏரி, புகை, சர்ச்சுக் கோபுரம் எல்லாம் தூக்கத்தில் தெரிவதுபோல அசையாமல் கீழே கிடந்தன. இறங்கவே வேண்டாமோ என்று தோன்றியது. நூற்று இருபத்தொரு மீட்டர் என்று அறிவித்தபோது அவன் வேறு யாருடைய தூரமோ என்று திரும்பிப் பார்த்தான்.

தாவி முடித்தவர்களைச் சோதனை அறையில் எடை போடுவார்கள். எடை குறைந்தவன் அதிகம் மிதப்பான் என்பதால் அவன் பலகையும் குட்டையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தாவல் செல்லாது. போட்டிக்காரர்கள் இதற்குப் பயந்து தாவும் முன்பே தண்ணீரைக் குடித்துத் தள்ளுவார்கள். முதலில் தாவுகிறவனை இத்தனை வருஷத்தில் யார் எடை போட்டார்கள்?

அறையில் சோதகர் ஆர்வோவும் அவனும் மட்டும். தராசு ஐம்பத்தொன்பது கிலோ அறுநூறு கிராம் காட்டியது. அவன் பலகைகளின் நீளத்துக்கு அறுபது கிலோ இருநூறு வேண்டும்.

ஆர்வோ மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். அவர் வீட்டுப் புகைபோக்கியும் ஹெய்மோ பார்த்ததுதான்.

"இந்தத் தராசு குளிர்ல மக்கர் பண்ணும்," என்றார் மெதுவாக. "நான் இன்னும் எதுவும் எழுதல. வெளிய போய் ஒரு சிகரெட் பிடிச்சுட்டு வரேன். மூலைல ஜக்குல தண்ணி இருக்கு. வந்து மறுபடி பாத்துக்கலாம்."

கதவு சாத்திக்கொண்டது.

ஹெய்மோ ஜக்கைப் பார்த்தான். நிறையத் தண்ணீர். மேசைமேல் தாளில் அவன் பெயர். எதிரே கட்டங்கள் வெள்ளையாக இருந்தன. ஜன்னலுக்கு வெளியே அவன் தூரத்தை யாரோ இன்னொரு முறை சொன்னார்கள். அந்த எண் அவனுக்கு வேண்டும், உயிரைக் கொடுத்தாவது வேண்டும். ஜக்கை எடுத்து உதடுவரை கொண்டுபோனான். மேலே இருந்த அந்த மதியம் ஞாபகம் வந்தது. அதில் இந்தத் தண்ணீர் இல்லை. கீழே வைத்துவிட்டான்.

ஆர்வோ வந்தபோது அவன் தராசுமேல் ஏறி நின்றுகொண்டிருந்தான். முள் அதே இடத்தில்.

"குடிக்கலியாடா?"

"இந்த எடைலதான் பறந்தேன், ஆர்வோ. இதையே எழுது."

ஆர்வோ நெடுநேரம் பேனா மூடியைத் திருகினார். பிறகு எழுதினார்: ஐம்பத்தொன்பது, அறுநூறு. தூரத்துக்கான கட்டத்தில் குறுக்கே ஒரு கோடு இழுத்தார்.

ஹெய்மோ குனிந்து தன் பெயரைப் படித்தான். எதிரே இருந்த எடை எண்ணையும் படித்தான். கண் நிறைந்து வழிந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. காலையிலிருந்து தாகமாயிருந்தவன் ஜக்கை இரண்டு கையாலும் தூக்கிக் கடைசிச் சொட்டுவரை குடித்தான்.