கொல்லையில் கவிழ்த்த பானை

நைனார்பாளையம் சுப்புராயனுக்கு மனைவி போனபின் வீட்டில் பேச்சுத்துணை இல்லை. ஒரே மகன் சுபாஷ் வெள்ளிமலையில் ஜீப் ஓட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டான். அம்மா காரியத்துக்கு வந்துபோனவன் பிறகு எட்டிப் பார்க்கவில்லை. மகாளய அமாவாசைக்கு வந்து படையல் போடுவதாகச் சொல்லியனுப்பியிருந்தான். அவன் கையால் அறுக்கட்டும் என்று கொல்லையில் ஒரு பூசணிக்காயைக் கொடியிலேயே விட்டுவைத்திருந்தார்.

எண்பத்தேழாம் வருடம் புரட்டாசி பிறந்ததும் இடஒதுக்கீடு கேட்டு மறியல் தொடங்கியது. சாலையெங்கும் மரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். பஸ் நின்றுபோனது.

விடிகாலையில் அவர் சோளக்கொல்லைக்குப் போகையில் கிழக்கே நிலா நாளுக்கு நாள் மெலிந்துவந்தது. அமாவாசைக்கு இன்னும் எத்தனை நாள் என்று விரல்விட்டு எண்ணினார். ஒருநாள் சூரியன் எழும்பும் நேரம், கண்ணேறுக்காகக் கழியில் கவிழ்த்திருந்த சுண்ணாம்புப் பானையைக் கவனித்தார். சூரியன் பக்கம் மட்டும் கீற்றாக வெளுத்து, மீதி நிழலில் மங்கியிருந்தது. மேலே நிலாவிலும் அதே பக்கம், அதே கீற்று.

பானையைச் சுற்றி நடந்தார். பக்கவாட்டில் பாதி வெளுப்பு. சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்றால் முழு வெளுப்பு. பானை தேயவில்லை, எப்போதும் அதில் பாதிக்கு வெயில் இருக்கிறது. நிலாவும் அப்படித்தான். அது நம்மைச் சுற்றி வர, வெயில் பட்ட பாதியில் நம் கண்ணுக்குத் தெரிகிற பங்குதான் கூடுகிறது, குறைகிறது. புரிந்துவிட்டது. சொல்லத்தான் ஆளில்லை.

அமாவாசையன்று பக்கத்து வீட்டு ரங்கம்மாள் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

“இன்னா மாமா, புள்ள வரலியா?”

“எப்படி வருவான்? ரோடெல்லாம் மரமா கெடக்குது.”

“எங்கூட்டுக்காரரு கள்ளக்குறிச்சிலேர்ந்து நடந்தேதான வந்தாரு! மனசு இருந்தா காலு வராதா?”

படையலை அவரே போட்டார். “அவன் மறந்துட்டான்னு நெனைக்காத. வழி இல்ல” என்று மனைவி படத்திடம் சொன்னார். பூசணிக்காயைத் தொடவில்லை.

பஸ் மறுபடி ஓடத் தொடங்கியது. மேற்கே மூன்றாம் பிறை தெரிந்த மாலையில் அவர் நிறுத்தத்தில் காத்திருந்தார். பஸ்கள் வந்தன, சுபாஷ் இறங்கவில்லை. இப்போது வழி இருக்கிறது.

மறுநாள் காலையில் பானையின் இருண்ட பக்கத்தில் வெகுநேரம் நின்றார். பிறகு பூசணிக்காயை அறுத்துத் துண்டில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டார்.

“எங்க மாமா, பூசணியத் தூக்கிக்கினு?” என்றாள் ரங்கம்மாள்.

“வெள்ளிமலைக்கு. இங்கியே நின்னுக்கினு இருந்தா ஒண்ணும் தெரியாது.”

“அவன் வூட்டுல இல்லன்னா?”

“ஜீப்பு நிக்கிற எடத்துல நிப்பேன்” என்றபடி சுப்புராயன் சாலைக்கு நடந்தார்.