பெரிய வெள்ளிக் கஞ்சிக்கு வந்த போசி

மூல நோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டவன் நான். இந்த ஒரு வாக்கியத்தை எழுதக் கூசி ஓராண்டு தள்ளிப்போட்டேன். அதை மறைத்தால் ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சொல்ல முடியாது. அதனால் எழுதுகிறேன்.

சென்ற தவக்காலத்தில், சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு தனியார் மருத்துவமனையில் அறுவை நடந்தது. அன்று மாலை சிறுநீர் பிரியவில்லை. குழாய் வைத்து எடுத்தார்கள். சிலருக்கு இப்படி ஆவதுண்டு என்றார் மருத்துவர். நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், கீரையும் பழமும் சாப்பிட வேண்டும், மலம் இறுகவே கூடாது, ரத்தம் லேசாகப் பட்டால் பயமில்லை, நிற்காமல் போனால் உடனே வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

புதுச்சத்திரத்தில் மாடி வீட்டில் குடியிருக்கிறோம். வீட்டுக்கு வந்ததும் கழிப்பறை என்றாலே நடுக்கம். உள்ளே கண்ணாடிச் சில்லு அறுப்பது போல் வலி. சாப்பிட்டால்தானே போக வேண்டும் என்று சாப்பாட்டைக் குறைத்தேன். மனைவி ஜெசிந்தா கேட்டபோது, ஒருசந்தி இருக்கிறேன் என்றேன். தவக்காலத்தில் எங்கள் வீட்டில் அந்த நோன்பை யாரும் மறுத்துப் பேசமாட்டார்கள். நோயாளிக்கு ஒருசந்திக் கடமை இல்லை என்பது எனக்குத் தெரியும். பெரிய வெள்ளியன்று தண்ணீரும் குடிக்கவில்லை.

அன்று ஜெசிந்தா சிலுவைப் பாதைக்குப் போயிருந்தார். வயிறு முட்டியது. கழிப்பறைக்குள் போய்த் தாழிட்டேன். இறுகியிருந்தது. முக்கினேன். பிறகு ரத்தம். சொட்டவில்லை, ஒழுகியது. துண்டை வைத்து அழுத்தினேன், துண்டு நனைந்தது. கண் இருட்டியது. கைப்பேசி கட்டிலில் கிடந்தது. சுவரில் சாய்ந்து, "இயேசுவே, யாரையாவது அனுப்பும்" என்றேன். வேறு செபம் வரவில்லை.

வாசல் கதவு திறந்தது. கீழ்வீட்டுப் பழனியம்மாள் அக்கா. கோவிலில் அன்று கொடுக்கும் கஞ்சியில் ஆண்டுதோறும் அவருக்கும் ஜெசிந்தா வாங்கி வருவார். அதற்காகத் தன் தூக்குப் போசியைக் கொடுக்க வந்திருக்கிறார்.

"ஏஞ்சாமி ஜெசி, கெளம்பிட்டியா?"

நான் கேட்ட ஆள் வந்துவிட்டார். நான் வாய் திறக்கவில்லை. அந்தக் கோலத்தில் அவர் என்னைப் பார்க்க வேண்டாம் என்று நினைத்தேன். காலடிச் சத்தம் படிப்பக்கம் திரும்பியது. அனுப்பப்பட்டவரை நானே திருப்பி அனுப்புகிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. "அக்கா" என்றேன். குரல் எழவில்லை. கையில் பட்ட வாளியைத் தள்ளிவிட்டேன். அது உருண்டது.

அவர் கதவருகே வந்தார். "தம்பி, உள்ளயா இருக்கறீங்க?"

"ரத்தம், அக்கா."

"தாப்பாளத் தொறங்க சாமி. ஒடம்புக்கு வந்ததுக்கு என்னுங்க வெக்கம்?"

திறந்தேன். அவர் முகம் சுளிக்கவில்லை. போர்வையைச் சுற்றி, தன் கணவரைக் கூப்பிட்டு, காரில் ஏற்றி நாமக்கல்லுக்குக் கொண்டுபோனார். வழியெல்லாம் அவர் முருகனைக் கூப்பிட்டார், நான் இயேசுவை.

இறுகிய மலம் ஆறாத புண்ணைக் கிழித்திருந்தது. தையல் போட்டு, ரத்தம் ஏற்றினார்கள். இன்னும் தாமதித்திருந்தால் உயிருக்கே ஆபத்து என்றார் அங்கிருந்த மருத்துவர். "தண்ணி குடிக்காதேன்னு எந்தச் சாமிங்க சொல்லுச்சு?" என்றும் கேட்டார். எந்தச் சாமியும் சொல்லவில்லை. சொன்னது என் பயம்.

மறுநாள் அக்கா வந்தார். கையில் அதே போசி. நிறையக் கஞ்சி.

"உங்க கோயில் கஞ்சியாட்ட இருக்காதுங்க. நோவாளிக்கு ஒருசந்தி இல்லீன்னு உங்க சாமியாரே சொல்லிப்போட்டாராமா. குடிங்க."

குடித்தேன். அழுதுகொண்டே குடித்தேன்.

இப்போது கீரையும் தண்ணீரும் என் அன்றாட ஒழுங்கு. பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் அன்பியக் கூட்டத்தில் நோயின் பெயரைச் சொல்லியே நன்றி கூறினேன். சிலர் சிரித்தார்கள். கூட்டம் முடிந்ததும் இரண்டு பேர் தனித்தனியாக வந்து, எந்த மருத்துவரிடம் போவது என்று கேட்டார்கள்.

அன்பானவர்களே, நம்பிக் கேளுங்கள். அவர் அனுப்புவார். வருகிறவர் எந்தச் சாமியைக் கும்பிடுகிறார் என்று பார்க்காதீர்கள். வந்து நிற்கும்போது குரல் கொடுங்கள். தாழ்ப்பாள் நம் பக்கம்தான் இருக்கிறது.