ஆற்றைப் பார்த்த குழாய்

அக்காவின் கல்யாணத்துக்கு மைக் செட் பேச, அம்மா, அக்கா, நான் மூவரும் எங்கள் செம்பனைத் தோட்டத்திலிருந்து பஸ் ஏறி மெர்லிமாவ் டவுனுக்குப் போனோம். மலேசியாவில் தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கடைக்காரரை எல்லாரும் பாய் என்றே அழைப்போம். சுவரோரம் கறுப்புப் பெட்டி ஸ்பீக்கர்கள் ஆளுயரத்துக்கு அடுக்கப்பட்டிருந்தன. உத்தரத்தில் சாம்பல் நிறக் குழாய் ஸ்பீக்கர்கள் ஊமத்தம்பூப் போலக் கவிழ்ந்து தொங்கின.

அக்காவுக்குப் பெட்டிதான் வேண்டும். அவள் ஆயர் குரோவில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தாள். கூட வேலை செய்யும் பெண்கள் வேன் பிடித்து வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அம்மா உத்தரத்தைக் காட்டி, "அதுல ஒண்ணு" என்றார்.

"அய்யோ அம்மா, அத வெச்சா பாசார் மாலாம் ராத்திரிச் சந்தையில மருந்து விக்கிற மாதிரி இருக்கும்லா!"

"இருக்கட்டும். நீ தாலி கட்டிக்கிட்டுப் போயிடுவ. நான்தானே தோட்டத்துல இருக்கப் போறேன்."

பாய் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அம்மாவிடம் திரும்பினார். "யாருக்குக் கேக்கணும், அத முதல்ல சொல்லுங்கக்கா. கொட்டாய்க்குள்ள இருக்கவங்களுக்குன்னா பெட்டி போதும்."

அம்மா மறுபடி குழாயைக் காட்டினார். யாருக்கு என்பது அக்காவுக்கும் எனக்கும் தெரியும். எங்கள் தோட்டத்தை ஒட்டி ஓடும் ஆற்றுக்கு அந்தப் பக்கத் தோட்டத்தில் இருந்தார் அம்மாவின் ஒரே அண்ணன். தன் மகனுக்கு அக்காவைக் கேட்டார். அக்கா வேண்டாம் என்றுவிட்டாள். அன்றோடு மாமா எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அம்மாவும் அப்பாவும் தட்டு வைத்து அழைத்தபோது தட்டை வாங்கிக்கொண்டு, "பார்ப்போம்" என்றார். எங்கள் வழக்கத்தில் மணப்பெண்ணைக் கைப்பிடித்து மணவறைக்கு அழைத்து வருவது தாய்மாமன். அவர் வராவிட்டால் அந்த இடத்தில் வேறு யாராவது நிற்பார்கள். அதைச் சபை முழுக்கப் பார்க்கும்.

"சரி பாய்," என்றாள் அக்கா, குழாயைப் பார்க்காமல். "உள்ள பெட்டி, வெளிய அது ஒண்ணு."

கல்யாணத்துக்கு முந்திய நாள் மாலை பாய் லாரியில் சாமான்களோடு வந்தார். தோட்டத்துக் கோயில் கொட்டகைக்குள் பெட்டிகள் உட்கார்ந்தன. குழாயைக் கோயில் வேப்பமரத்தில் கட்டச் சொல்லி, அம்மா கீழே நின்று திசை காட்டினார். "இன்னும் கொஞ்சம் ஆத்துப் பக்கமா. இன்னும் கொஞ்சம்."

"அக்கா, அந்தப் பக்கம் செம்பனதான் இருக்கு. பழக் கொலைங்க ஆடப் போகுதா?" என்றார் பாய், கிளையிலிருந்து.

"திருப்புங்க பாய்."

பாட்டு எட்டுகிறதா என்று பார்த்து வர அம்மா என்னை மோட்டார் சைக்கிளில் அனுப்பினார். மரப்பாலத்தைத் தாண்டி, மாமா வீடு தெரிகிற வளைவில் இன்ஜினை நிறுத்தினேன். முதலில் ஒன்றும் இல்லை. பனைகளுக்குள் வெளிச்சம் பச்சையாகக் கலங்கிக் கிடந்தது. தண்ணீருக்கு அடியில் நிற்பதுபோல் இருந்தது. பிறகு காற்று திரும்பியது. பிள்ளையார் பாட்டு, சொற்கள் கரைந்து ராகம் மட்டுமாக, மட்டைகளுக்கு மேலே மிதந்து வந்தது. காற்று விழுந்தால் பாட்டும் விழுந்தது. மறுபடி எழும்போது நடுவில் ஒரு வரி காணாமல் போயிருந்தது. எங்கள் கோயிலிலிருந்து வருகிறது என்பதையே மறந்துவிட்டேன். யாரும் பாடாமல், அந்தத் தோட்டமே எதையோ நினைத்துக்கொண்டதுபோல் இருந்தது.

மாமா வாசலில் பெஞ்சு போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவருடைய ரேடியோ செய்தி வாசித்துக்கொண்டிருந்தது. அவர் தலையைச் சற்றுச் சாய்த்தார். கையை நீட்டி ரேடியோவை அணைத்தார். அவ்வளவுதான். என்னை அவர் பார்க்கவில்லை.

திரும்பி வந்து அதை அப்படியே அம்மாவிடம் சொன்னேன்.

"அணைச்சாரா?"

"அணைச்சார்."

"பேட்டரி தீர்ந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு அம்மா வாழையிலை துடைக்கப் போனார். அதே இலையை இரண்டு முறை துடைத்தார்.

மறுநாள் விடியலிலிருந்து குழாய் ஆற்றைப் பார்த்துப் பாடிக்கொண்டேயிருந்தது. ஆயர் குரோ பெண்கள் வந்து இறங்கினார்கள். அவர்களில் யாரும் வேப்பமரத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மாப்பிள்ளை மணவறையில் உட்கார்ந்துவிட்டார். பெண்ணை அழைத்து வரச் சொல்லி ஐயர் குரல் கொடுத்தார். மாமாவின் இடத்தில் நிற்க இருந்த சித்தப்பா துண்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தபோது, கொட்டகை வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது.

"யாரு அந்தக் குழாய என் வீட்டப் பார்த்துத் திருப்பினது?" என்று கேட்டார் மாமா. "விடியக்காலையிலருந்து மனுசன் தூங்க வேணாமா?"

தூங்க முடியாதவர் மடிப்புக் கலையாத பட்டு வேட்டி கட்டியிருந்தார். மீசையில் புதுச் சாயம். ஹேண்டில்பாரில் வாழையிலையில் சுற்றிய மாலை தொங்கியது.

"நான்தாண்ணே" என்றார் அம்மா.

"மொதல்ல அத நிறுத்தச் சொல்லு."

அம்மா மரத்தடிக்குப் போகவில்லை. அங்கிருந்தே, "பாய், போதும்" என்றார்.

பாய் ஒரு கம்பியைப் பிடுங்கினார். வெளியே பாட்டு நின்றது. இருபது வருடம் அந்தத் தோட்டத்தில் இருந்த எனக்கு, அங்கே காலையில் இத்தனை குருவிகள் கத்தும் என்பது அப்போதுதான் தெரிந்தது. உள்ளே அக்காவின் பெட்டிகள் மட்டும் மெல்லிய குரலில் பாடிக்கொண்டிருந்தன. சித்தப்பா துண்டோடு மறுபடி உட்கார்ந்தார்.

மாமா இலையைப் பிரித்து மாலையை அக்காவின் கழுத்தில் போட்டார். "கைய குடுடி" என்றார், இன்னும் கோபம் மாதிரியே.