கிள்ளானிலிருந்து வந்த தேர்தல்காரர்

என் கணவருக்குச் செந்தூல் ரயில் பட்டறையில் கொல்லன் வேலை. நாலு பேர் நடுவில் அவருக்குப் பேச வராது. அப்படிப்பட்டவர் எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் பதவிக்கு நிற்கத் துணிந்தார். பிள்ளைகள் தமிழ் படிக்க ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான் அவர் எண்ணம்.

எதிர்த்து நின்றவர் மேடைப் பேச்சில் கெட்டிக்காரர். அதனால் என் கணவர் கூட்டாளிகள் பேச்சைக் கேட்டு, தேர்தல் வேலையைப் பார்க்கக் கிள்ளானிலிருந்து ஒருவரைச் சம்பளத்துக்கு அமர்த்தினார். நாடகம் வரும்போதெல்லாம் மாட்டுவண்டியில் நின்று கூவி, நோட்டீஸ் கொடுத்துக் கூட்டம் சேர்ப்பவர் அந்த மனிதர். அவர் வந்த வாரமே என் கணவரின் பெயர் எல்லா வீட்டிலும் அடிபட்டது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஒரு காலை குழாயடியில் பக்கத்து வீட்டு அக்கா கேட்டாள். "பள்ளிக்கூடத்துக்குத் துரை இடம் குடுத்துட்டாராமே? அந்தக் கிள்ளான் ஆளு சொல்லிக்கிட்டுத் திரியறாரு. எங்க வீட்டுக்காரரு பட்டறையில கேட்டதுக்கு உன் புருஷன் முழிச்சாராம். காசு குடுத்து வாய வாங்கினவரு, சேதியையும் வாங்கிட்டாரா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. பட்டறையின் வெள்ளைக்காரத் துரையிடம் என் கணவர் இடம் கேட்டிருந்தது உண்மை, பதில் வரவில்லை. மீதி, கிள்ளான்காரரின் கைச்சரக்கு.

மாலையில் கணவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார். "அந்தாள அனுப்பிடறேன். நானும் நிக்கல."

"இப்ப விலகினா அந்தப் பொய் உங்க பொய்யாயிடும். நீங்க நில்லுங்க. அவரும் இருக்கட்டும்," என்றேன்.

சாப்பிட வந்த கிள்ளான்காரரிடம் நானே சொன்னேன். "அண்ணே, யாரை எப்பப் பாக்கணும்னு உங்களுக்குத்தான் தெரியும். அதப் பாத்துக்குங்க. பேச்சு மட்டும் அவரே பேசட்டும்."

"அவரு பேசினா ஓட்டுக்கு ஒருத்தரும் கை தூக்க மாட்டாங்கம்மா!"

"தூக்காட்டிப் போகட்டும். சொன்னது அவருதான்னு தெரியும்ல."

கோபத்தோடு சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டார். கை கழுவிய பிறகு, "நாளைக்கு வேலை முடிஞ்சதும் தயாரா இருக்கச் சொல்லுங்க," என்றார்.

மறுநாளிலிருந்து இருவரும் வீடுவீடாகப் போனார்கள். கிள்ளான்காரர் கதவைத் தட்டிவிட்டு ஒதுங்கி நிற்பார். என் கணவர் திக்கித் திக்கிச் சொல்வார்: "இடம் கிடைச்சிருச்சுன்னு சொன்னது தப்பு. கேட்டிருக்கேன், பதில் வரல. இவரு நான் கூலிக்கு வச்ச ஆளுதான். ஆனா பொறுப்பு என்னோடது." சிலர் உட்கார வைத்துக் கேள்வி கேட்டார்கள். சிலர் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினார்கள்.

அந்த வருஷம் தோற்றார். போன நம்பிக்கை அத்தனை சீக்கிரம் திரும்பவில்லை. துரையும் இடம் இல்லையென்று சொல்லிவிட்டார். அதையும் என் கணவரே ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொன்னார்.

அடுத்த தேர்தலுக்கும் நின்றார். கிள்ளானுக்கு ஆள் அனுப்பியது நான்தான். இந்த முறை, கூலிக்கு வந்தவர் என்று தெரிந்தே கிள்ளான்காரருக்குப் பல வீடுகளில் கோப்பி கொடுத்தார்கள். தேர்தல் கூட்டத்தன்று நாங்கள் பெண்கள் சன்னலுக்கு வெளியே நின்றோம். உள்ளே என் கணவர் பெயருக்கு எல்லாப் பக்கமும் கைகள் எழுந்தன. எண்ணிப் பார்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.