கல்வரம்புக்குள் போன முனி

1997 ஒக்டோபர் 14, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி பத்து நிமிடம். விடியும்வரை பெய்த மழை அடங்கித் தூறலாகியிருந்தது. மண் பாதுகாப்பு மானியத்துக்காக என் காணியை அளக்க வந்த உத்தியோகத்தர், மூன்றாவது கல்வரம்பின் முன் வந்ததும் நின்றுவிட்டார். மற்ற மூன்று வரம்புகளும் வெறும் கல். இதில் மட்டும் மாலை தொங்கியது. குங்குமம் மழையில் வழிந்திருந்தது.

கரவனெல்லையில் கடை வைத்திருந்த எனக்கு, மேலே சரிவில் இரண்டு ஏக்கர் இறப்பர் இருந்தது. ஒவ்வொரு மழைக்கும் மேல்மண் கரைந்து ஓடைக்குப் போகும். சரிவுக்குக் குறுக்கே கல் அடுக்கி மண்ணைத் தடுத்தால் செலவில் பாதியை அரசாங்கம் தரும் என்றார்கள். ஆனால் கட்டி முடித்து, அளந்த பிறகுதான் பணம். மனைவியின் சங்கிலியை அடகு வைத்து வேலையைத் தொடங்கினேன். வெளியே கல் வாங்கினால் லொறிக் கூலி. காணியில் கிடப்பதையே பொறுக்கி அடுக்கச் சொன்னேன். பக்கத்து ஊர் ஆட்கள் நால்வர் அடுக்கினார்கள்.

என் மரங்களில் பால் வெட்டும் கணவனும் மனைவியும் அந்த வாரம் ஒரு சாவுக்காக நிவித்திகலைக்குப் போயிருந்தார்கள். திரும்பி வந்தபோது அவர்களுடைய முனியைக் காணவில்லை.

தோட்டத்து ஆட்களுக்கு இறப்பர் காட்டு முனி என்பது நட்டு வைத்த ஒரு கல், அவ்வளவுதான். புதுப் பட்டையில் கத்தி வைக்கும் முன் சேவல் அறுத்துப் பொட்டு வைப்பார்கள். எங்கள் பக்கத்து மழையில் அந்தப் பொட்டு ஒரு வாரம் நிற்காது. அதன் பிறகு அதுவும் மற்றக் கற்களைப் போலத்தான்.

"கல்லு அடுக்குனவங்க அதையும் மூணாவது வரம்புலதான் வச்சோம்னு சொல்றாங்க. எந்தக் கல்லுன்னு அடையாளம் தெரியுமா?" என்று கேட்டேன்.

"பொட்டு இருந்தா தெரியும் மொதலாளி," என்றான் அவன்.

"பொறந்ததுலேருந்து கும்புட்ட சாமிக்கு மூஞ்சி தெரியலன்னு சொல்லு," என்றாள் அவன் மனைவி.

வரம்பைப் பிரித்துத் தேடலாம் என்றான். பிரித்தால் உத்தியோகத்தர் எதை அளப்பார்? அளந்து போகட்டும், பிறகு பார்ப்போம் என்றேன். நான்காம் நாள் காலை, அதே வரம்பருகே அவளை விரியன் தீண்டியது. ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்தாள். அவள் வீடு வந்த அன்று அவன் மூன்றாவது வரம்பு முழுவதற்கும் மஞ்சள் தெளித்து, குங்குமம் வைத்து, மாலை போட்டான்.

"எந்தக் கல்லுன்னு தெரியல. அப்ப எல்லாக் கல்லும் அவருதான்," என்றான். இனி யாரும் அதைப் பிரிக்கவும் கூடாதாம்.

உத்தியோகத்தர் சிங்களத்தில் நிதானமாகக் கேட்டார்: "முதலாளி, இது வரம்பா, கோயிலா?"

"இரண்டும்தான் மாத்தயா. மண்ணைத் தடுக்கிறதே."

"தடுக்கிறது. ஆனால் கோயிலுக்கு நான் கையெழுத்து வைக்க முடியாது. நான்குக்கும் ஒரே விண்ணப்பம். ஒன்று போனால் நான்கும் போகும். எல்லாவற்றையும் எடுத்துவிட்டுக் கழுவி வையுங்கள். இன்றைக்கு நான் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வாரத்தில் வருகிறேன்."

நல்ல மனிதர். அவருடைய ஜீப் சரிவில் இறங்கிப் போனதும் நான் பால் வெட்டுபவர்களின் லயத்து வீட்டுக்கு நடந்தேன். அவள் வாசற்படியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கணுக்கால் இன்னும் கறுத்து வீங்கியிருந்தது. விஷயத்தைச் சொன்னேன். அவன் பால் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தான்.

"கழுவிருங்க மொதலாளி," என்றாள் அவள். "ஒங்க காணி, ஒங்க காசு. நாங்க என்னத்த சொல்றது? இந்தக் காலோட வேற எடமும் போக முடியாது."

கோபமாகச் சொல்லியிருந்தால் கழுவியிருப்பேன்.

மறு வாரம் கேகாலைக்குப் போய், வர வேண்டாம் என்று உத்தியோகத்தரிடம் சொன்னேன். வரம்புக் கூலி பதினாலாயிரத்து இருநூறு. ஆஸ்பத்திரி வேனும் அவள் படுத்திருந்த நாட்களின் சம்பளமும் ஆயிரத்து எண்ணூற்றைம்பது. சங்கிலிக்கு வட்டி தொளாயிரத்து அறுபது. அன்றைய பஸ் காசு, போகவர, இருபத்திரண்டு. ஆக மொத்தம் பதினேழாயிரத்து முப்பத்திரண்டு ரூபாய்.