பாய்த்துணியும் என் சுற்றறிக்கையும்

எழுபதுகளில் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு அருகில் இருந்த ஒரு முதியோர் இல்லத்தில் நான் மேலாளர். படுக்கையில் கிடப்பவர்களைத் தூக்கித் தூக்கி இரண்டு ஆயாக்கள் முதுகுவலியோடு விடுப்பில் போனார்கள். எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்தேன். சுற்றறிக்கை எழுதினேன்: இருவர் சேர்ந்து, கைகால் பிடித்துத்தான் தூக்க வேண்டும், மீறினால் வேலை போய்விடும்.

மறுவாரமே ஓர் ஆயா மீறினார். கடற்கரைக் குடும்பத்துப் பெண். அவர் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதித்தது. ஒரு காலத்தில் முத்துக்குளித்த, கனத்த உடம்புக்காரப் பெரியவரை அவர் தனியாகவே நகர்த்திக்கொண்டிருந்தார். வேலைநீக்கக் கடிதத்தோடு போய் நின்றேன்.

"நான் எங்க சார் தூக்குதேன்? இழுக்கத்தான செய்யுதேன்."

பெரியவருக்கு அடியில் பழைய தோணிப் பாய்த்துணி விரித்திருந்தது.

"வள்ளத்தக் கரையேத்தையில கையில தூக்கிக்கிட்டா வாராவ? நீங்க படுத்துப் பாருங்க, பொறவு கடிதாசியக் குடுங்க."

பக்கத்துக் காலிக் கட்டிலில் இன்னொரு துணியை விரித்தார். படுத்தேன்.

"ஏளா, பைய இழு! சார் கீழ விழுந்தா அதுக்கும் ஒரு சர்க்குலர் வரும்," என்றார் பெரியவர்.

அந்த அம்மாள் துணியின் ஓரத்தைச் சுருட்டிப் பிடித்து, ஒரு முழங்காலைக் கட்டிலில் ஊன்றிப் பின்னால் சாய்ந்தார். என் எண்பது கிலோவும் வழுக்கிக்கொண்டு நகர்ந்தது. அவர் முதுகு வளையவே இல்லை.

படுத்தபடியே கடிதத்தைத் திருப்பி, அதன் பின்பக்கத்தில் புதிய விதியை எழுதினேன். அவர் சொல்லச் சொல்லத்தான் எழுதினேன்; காற்புள்ளிகள் மட்டும் என்னுடையவை.