எண்ணூருக்குப் போக மறுத்த காகிதப் படகுகள்

சுவரில் ஒரு முன்னேற்றப் படத்தை ஒட்டிவிட்டால் மாணவர் தாமே படித்துவிடுவர் என்று இளம் ஆசிரியர் பலர் இன்றும் நம்புகின்றனர். அதே நம்பிக்கையால் ஒரு கார்த்திகை மாதத்தில் நான் பட்ட பாட்டை அவர்கள் அறிந்திருத்தல் நலம் என்பதால் இதனை எழுதலானேன்.

1. படம்

அறுபதுகளின் பிற்பகுதியில் இராயபுரத்துப் பள்ளியொன்றில் நான்காம் வகுப்பு ஆசிரியனாக இருந்தேன். என் மாணவருள் ஒருவரும் பன்னிரண்டாம் வாய்பாடு வரை தேறவில்லை. தலைமையாசிரியர் என்னை அழைத்தார்.

“இன்னா புலவரே, அரைப்பரீட்சைக்குள்ள இதுங்க வாய்பாடு ஒப்பிக்கலன்னா, நீங்க ஒண்ணாங்கிளாஸுக்குப் போய் மூக்கு சிந்தி வுடவேண்டியதுதான்.”

ஒன்றாம் வகுப்பில் எழுபது மூக்குகள் இருந்தன. அன்றே சார்ட் தாளில் கடற்கரையை வரைந்தேன். கீழே இராயபுரம், மேலே எண்ணூர், இடையே கட்டங்கள். ஒவ்வொரு மாணவர்க்கும் ஒரு காகிதப் படகு. ஒரு வாய்பாடு ஒப்பித்தால் படகு ஒரு கட்டம் வடக்கே நகரும்; எண்ணூரே இலக்கு. இராயபுரத்தில் அணிவகுத்து நின்ற படகுகளைத் தலைமையாசிரியரும் வந்து கண்டு சென்றார்.

2. மறுப்பு

மீனவர் வீட்டுப் பெண் ஸ்டெல்லா இரண்டாம் வாய்பாட்டைப் பிழையின்றி ஒப்பித்தாள். படகை நகர்த்த மட்டும் மறுத்தாள்.

“தண்ணி தெக்கால இழுத்துகினு கீது சார். காத்தும் வாடக்காத்து. போட்டு எப்டி வடக்கால போவும்?”

“இது காகிதப் படகு, அம்மா.”

“காயிதம்னா இன்னும் சீக்கிரம் அடிச்சுகினு பூடும் சார்.”

துறைமுகத் தொழிலாளியின் மகன் கபூர், தன் படகுக்குப் புகைக்குழாய் வரைந்து, “நம்மள்து ஸ்டீம் லாஞ்சி!” என்று முழங்கினான்.

“கரி எங்க தோஸ்து?” என்றனர் மற்றவர்.

மறுநாள் அவன் உண்மையான கரித்துண்டொன்றை ஒட்டினான். படம் சுவரிலிருந்து பெயர்ந்து விழுந்தது.

நகராத படகுக்காக எவரும் படிக்கவில்லை. வடக்கைக் கீழே கொணர்ந்தால் படகுகள் எளிதில் இறங்குமெனக் கருதி, படத்தைத் தலைகீழாக மாட்டினேன்.

“ஐயையோ, அல்லாம் கவுந்துட்ச்சு!” என்று எழுந்த ஓலத்தில், பக்கத்து வகுப்பாசிரியர் தண்ணீர்ச் செம்புடன் ஓடிவந்தார்.

ஸ்டெல்லா என்மீது இரக்கங்கொண்டாள். “எண்ணூர்ல வுட்டுட்டு வூட்டுக்கு வரச்சொல்லு சார். அப்பால பாரு.”

படத்தை நேராக்கி, படகுகளையெல்லாம் எண்ணூரில் ஒட்டினேன்; இனி நீரோட்டத்தோடு தெற்கே இறங்கி இராயபுரம் சேர்வதே இலக்கு. பிறகு, மணியடித்தும் எவரும் வெளியேறவில்லை. “ஒம்போது கேளு சார், திருவொத்தியூரு தாண்டணும்!” என்று என்னை முற்றுகையிட்டனர்.

3. சோதனை

தேர்வுக்கு முந்தைய நாள் தலைமையாசிரியர் வந்தார். படகுகள் அனைத்தும் இராயபுரத்தில் நிற்கக் கண்டு முகம் சிவந்தார்.

“ஒண்ணுகூட கெளம்பலியே புலவரே! பேஜாரா பூச்சே!”

நான் விளக்கச் சொல் தேடுமுன் ஸ்டெல்லா எழுந்தாள். “போய்ட்டு வன்ட்டோம் சார்.”

“எங்க?”

“எண்ணூருக்கு.”

அவர் நம்பவில்லை. “பன்னண்டு பதினொண்ணு?”

“நூத்திமுப்பத்திரண்டு!” என்று வகுப்பே அதிர்ந்தது.

“பதினொண்ணு பன்னண்டு?”

“இப்பத்தான சார் சொன்னோம்!” என்றான் கபூர்.

தலைமையாசிரியர் சிரிப்பை மேல்துண்டால் மறைத்துக்கொண்டு, “நாலாங்கிளாஸ்லயே இருங்க” என்று கூறி அகன்றார்.

இலக்கை ஆசிரியர் குறிக்கலாம். ஆயின் வழியை மாணவரிடம் கேட்டறிந்தபின் படத்தை ஒட்டுக. பசையேனும் மிஞ்சும்.

கார்த்திகை நீரோட்டம் பற்றி ஸ்டெல்லா சொன்னதற்கு மேல் யான் ஒன்றும் அறியேன். அதில் பிழை காணும் கடலோர அன்பர்கள் தெரிவிப்பின் திருத்திக்கொள்வேன். வாய்பாட்டில் பிழை இராது.